செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ் சிப்பியின் ஓடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆற்றங்கரைச் சரிவுகளிலிருந்து உதிர்ந்து விழும் பெரிய விசிறிச் சிப்பி ஒன்றைப் பற்றிய கேள்விகள் இவை. புதைபடிவம் சேர்க்கத் தொடங்கியவர்கள், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 'இந்த ஓட்டினை விவரி' என்று வெற்றுத்தாளோடு உட்கார வைக்கப்பட்டவர்கள், பிள்ளைகள் கரையிலிருந்து பொறுக்கி வந்ததை மேசையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் என்று பலரும் கேட்பவை. முதல் கேள்வி பெரும்பாலும் 'எத்தனை வரி இருந்தால் இது ஜெஃபர்சோனியஸ்?' என்பதுதான். அதற்குப் பதில் உண்டு, கொஞ்சம் தள்ளி வரும். வரிகளை எண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இது எந்தச் சிப்பி?

ஸ்கேலப் என்று உணவகங்களில் பெயர் போட்டு விற்கிறார்களே, அந்தக் குடும்பம். குடும்பத்தின் அறிவியல் பெயர் பெக்டினிடே. செசபெக்டன் என்பது அதில் முற்றிலும் அழிந்துபோன ஒரு பேரினம். மயோசீன், அதற்கு அடுத்த பிளையோசீன் என்ற புவியியல் காலங்களில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கடலில் வாழ்ந்தது. அதில் அதிகம் பேசப்படும் இனம் ஜெஃபர்சோனியஸ். 1993இல் வர்ஜீனியா இதைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, சில அதற்கும் பெரிது. தடித்த ஓடு, எடுத்தால் கனம் தெரியும்.

பெயர் ஜெஃபர்சனுடையதா?

ஆமாம், அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனேதான். அவர் உயிரோடிருந்தபோதே, 1824இல், பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் தாமஸ் சே இந்தப் பெயரை வைத்தார். ஜெஃபர்சனுக்குப் புதைபடிவங்களில் உண்மையான ஆர்வம் உண்டு. கடலிலிருந்து வெகுதூரத்தில் மலைப்பகுதிகளில் சிப்பி ஓடுகள் எப்படி வந்தன என்று அவரே எழுதி மண்டையை உடைத்துக்கொண்டவர். சே அதே சமயத்தில் இன்னொரு விசிறிச் சிப்பிக்கு ஜேம்ஸ் மேடிசன் பெயரையும், மற்றொன்றுக்கு நியூயார்க் ஆளுநர் டிவிட் கிளின்டன் பெயரையும் வைத்தார். மூன்று அரசியல்வாதிகளுக்கு மூன்று சிப்பிகள். மூன்றையும் கீழே மறுபடி சந்திப்போம், ஏனென்றால் ஒன்றை மற்றொன்று என்று மாற்றி எழுதுவது சகஜம்.

ஓவியம் இதைவிடப் பழையது. இங்கிலாந்தின் மார்ட்டின் லிஸ்டர் 1687இலேயே இந்தச் சிப்பியின் படத்தை அச்சிட்டுவிட்டார். வட அமெரிக்காவிலிருந்து அறிவியல் நூலில் படமாக வந்த முதல் புதைபடிவம் அதுதான் என்று சொல்வார்கள். ஆனால் விலங்குகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறை 1758இல் வெளிவந்த லின்னேயஸ் நூலிலிருந்துதான் கணக்கு. அதனால் பெயரின் உரிமை சேவுக்கே. அவர் வைத்தது பெக்டன் ஜெஃபர்சோனியஸ். 1975இல் வார்டு, பிளாக்வெல்டர் இருவரும் செசபெக்டன் என்ற புதிய பேரினத்தை உருவாக்கி இதை அதற்கு மாற்றினார்கள். பழைய நூல்களில் பெக்டன் என்றோ லைரோபெக்டன் என்றோ பார்த்தால் குழம்ப வேண்டாம், அதே சிப்பிதான்.

எத்தனை ஆண்டு பழையது? எந்த அடுக்கில் வரும்?

யார்க்டவுன் படிவடுக்கு என்ற மணலும் சிப்பியும் கலந்த அடுக்கின் அடிப்பகுதியில் வரும். அந்த அடிப்பகுதிக்கு சங்கன் மெடோ என்று பெயர். காலம் முற்பிளையோசீன், ஏறக்குறைய 40 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பழைய நூல்களும் பழைய அருங்காட்சியகச் சீட்டுகளும் இதை மயோசீன் என்று சொல்லும். யார்க்டவுன் அடுக்கையே அப்போது மயோசீன் என்று நினைத்திருந்தார்கள்; கணக்கு பிறகு திருத்தப்பட்டது.

அடுக்கின் பெயரைக் குறித்து வைப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. சங்கன் மெடோவுக்கு மேலே ரஷ்மியர், மோகார்ட்ஸ் பீச், மூர் ஹவுஸ் என்று வரிசையாக அடுக்குகள் உள்ளன. ஜெஃபர்சோனியஸ் அடியில், மேடிசோனியஸ் மேலடுக்குகளில். சந்தேகமான ஓடு கையில் இருக்கும்போது, அது எந்த மட்டத்திலிருந்து வந்தது என்ற ஒரு வரி பாதி வழக்கைத் தீர்த்துவிடும். (மூர் ஹவுஸ் என்பது ஒரு வீடு. 1781இல் யார்க்டவுன் போர் முடிந்து பிரிட்டிஷ் படை சரணடைய விதிமுறைகள் பேசப்பட்ட வீடு. அதற்குக் கீழே உள்ள சரிவில் சிப்பி அடுக்கு தெரிவதால் அடுக்குக்கும் அதே பெயர்.)

ஓடு கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்வது?

திசை பிடியுங்கள். இதைச் செய்யாமல் எழுதும் எந்த விவரிப்பும் பிறகு உதவாது.

கூராக முடியும் முனை மேலே இருக்கட்டும். அதுதான் ஓட்டின் உச்சி. குட்டியாக இருந்தபோது ஓடு தொடங்கிய இடம். உச்சியின் இரு பக்கமும் முக்கோணமாகத் தட்டையாக நீட்டிக்கொண்டிருப்பவை காதுகள். காதுகளின் மேல் விளிம்பு நேர்கோடாக இருக்கும். அது கீல் கோடு, இரண்டு ஓடுகளும் சேரும் இடம். எதிரே வளைந்து விரிவது கீழ் விளிம்பு. இனி மேல், கீழ் என்றால் இந்தப் பொருளில் மட்டுமே.

வலது ஓடா இடது ஓடா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உச்சியை மேலே வைத்து, வெளிப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இரண்டு காதுகளில் ஒன்றின் அடியில் உள்நோக்கி ஒரு வெட்டு இருக்கிறதா? இருந்தால் அது வலது ஓடு, அந்த வெட்டும் உங்கள் வலப்பக்கத்தில்தான் இருக்கும். வெட்டு உள்ள காது முன்காது, மற்றது பின்காது. வெட்டே இல்லை, காதின் விளிம்பு மெல்லிய வளைவாக மட்டும் இறங்குகிறது என்றால் இடது ஓடு. அதில் முன்காது உங்கள் இடப்பக்கம்.

'எது குழிவு, எது தட்டை என்று பார்த்தால் போதாதா?' என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் பெரிய பெக்டன் சிப்பியில் அது வேலை செய்யும். அதில் ஒரு ஓடு கிண்ணம், மற்றது தட்டை. செசபெக்டனில் இரண்டுமே புடைத்திருக்கும். வெட்டைத் தேடுவதே நம்பகமான வழி. காதுகள் உடைந்திருந்தால் 'வலம் இடம் உறுதியில்லை' என்று எழுதிவிட்டு நகருங்கள், தப்பே இல்லை.

அந்த வெட்டு எதற்கு? அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

இந்தச் சிப்பியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விசிறிச் சிப்பிகள் பலவும் இளம் பருவத்தில் மெல்லிய பற்றுநார்களைச் சுரந்து கல்லிலோ வேறு ஓட்டிலோ ஒட்டிக்கொள்ளும். அந்த நார் வெளியே வர ஒரு வழி வேண்டும். வலது ஓட்டின் முன்காதுக்கு அடியில் உள்ள வெட்டுதான் அந்த வழி. வெட்டு ஆழமாக இருந்தால் சிப்பி நாரை நம்பி வாழ்ந்தது என்று ஊகிக்கலாம். ஆழம் குறைந்து வெறும் நெளிவாக மட்டும் இருந்தால் வளர்ந்தபின் நாரின் உதவி பெரிதாகத் தேவைப்படவில்லை என்று ஊகிக்கலாம்.

செசபெக்டன் பேரினத்தை மயோசீனிலிருந்து பிளையோசீன் வரை வரிசையாக அடுக்கினால், பழைய இனங்களில் இந்த வெட்டு ஆழமாகவும் பிந்தையவற்றில் ஆழம் குறைந்தும் தெரிகிறது. பரிணாம ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இதுதான்: ஒரே கடலோரத்தில், அடுக்கடுக்காக, ஒரு உறுப்பு மாறிப்போவதை அளவுகோலால் அளக்க முடிகிறது.

இதே கதை ஒரே ஓட்டிலும் சிறிய அளவில் எழுதியிருக்கும். வலது முன்காதின் மேற்பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். உச்சியிலிருந்து வெட்டை நோக்கி ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டையில் வளர்ச்சிக் கோடுகள் காதின் மற்ற பகுதியில் போலப் போகாமல், உள்ளே சட்டென்று வளைந்து திரும்பும். சிப்பி வளர வளர, பழைய வெட்டை ஓட்டுப் பொருளால் நிரப்பிவிட்டு அடுத்த வெட்டை வெளியே தள்ளிக்கொண்டே வந்ததன் தடயம் அது. அந்த ஒவ்வொரு வளைவும் ஒரு காலத்தில் வெட்டின் விளிம்பாக இருந்தது. உச்சிக்கு அருகில் வளைவு ஆழமாகவும் விளிம்புக்கு வர வர மேலோட்டமாகவும் இருந்தால், அதை அப்படியே எழுதுங்கள். விவரிப்பில் மிகப் பயனுள்ள வாக்கியங்களில் அது ஒன்றாக இருக்கும்.

வெட்டின் ஓரத்தில் சின்னப் பற்கள் தெரிகின்றன. உடைந்ததா?

இல்லை. வெட்டின் கீழ் ஓரத்தில் சீப்புப் பல் போல ஒரு சிறு வரிசை இருக்கும். நாரிழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் பிரித்துப் பிடிப்பதற்கு. பெக்டினிடே குடும்பத்தின் முத்திரை அடையாளம் இது. இளம் ஓடுகளில் தெளிவாகத் தெரியும். பெரிய ஓடுகளில் மூடிப்போயிருக்கலாம், தேய்ந்திருக்கலாம், மணல் ஒட்டி மறைந்திருக்கலாம். காணாவிட்டால் 'பல் வரிசை தெரியவில்லை' என்று எழுதுங்கள். 'பல் வரிசை இல்லை' என்று எழுதுவது வேறு விஷயம். அதற்குக் காது சுத்தமாகவும் முழுதாகவும் இருக்க வேண்டும்.

சரி, வரிமேடுகள் எத்தனை?

உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை விரிந்து செல்லும் தடித்த மேடுகளை வரிமேடு என்றும் இடையில் உள்ளவற்றைப் பள்ளம் என்றும் சொல்லலாம். ஜெஃபர்சோனியஸில் பொதுவாக 9 முதல் 12 வரிமேடுகள். அகலமானவை, நன்றாக எழும்பியவை. மேடிசோனியஸில் எண்ணிக்கை இதைவிடக் கூடுதல்.

கேள்வி எளிது, எண்ணுவதுதான் தகராறு. ஓட்டின் நடுப்பகுதியில் எந்தச் சிக்கலும் வராது. காதுகளை நெருங்கும் இரு ஓரங்களிலும் மேடுகள் தாழ்ந்து, மெலிந்து, கடைசி ஒன்றை மேடு என்பதா வெறும் மடிப்பு என்பதா என்று தெரியாத நிலைக்கு வரும். இரண்டு பேர் ஒரே ஓட்டினை எண்ணினால் ஒருவர் 10 என்பார், மற்றவர் 12 என்பார். இருவருமே தவறில்லை. ஆகவே எண்ணிக்கையோடு எண்ணிய முறையையும் எழுதுங்கள்: எங்கே எண்ணினீர்கள் (கீழ் விளிம்பை ஒட்டி எண்ணுவது நல்லது), ஓரத்து மெல்லியவற்றைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா. '10 தெளிவான வரிமேடுகள், பின் ஓரத்தில் மெல்லிய ஒன்று' என்று எழுதினால் படிப்பவர் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்வார்.

இன்னொன்று. இரண்டு ஓடுகளும் மூடும்போது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தும். அதனால் ஒரே சிப்பியின் வலது, இடது ஓடுகளில் எண்ணிக்கை ஒன்று கூடக் குறைய இருப்பது இயல்பு. வலது ஓட்டுக்கும் இடது ஓட்டுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள்.

ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'வரி 12, ஆகவே ஜெஃபர்சோனியஸ்' என்று முடிவு கட்டுபவர்களை நிறையப் பார்க்கலாம். 12 என்பது எல்லையில் நிற்கும் எண். அந்த இடத்தில் காது, வெட்டு, அடுக்கு மூன்றும் பேசட்டும்.

வரிமேட்டைப் பற்றி எண்ணிக்கை தவிர வேறென்ன எழுதலாம்?

ஒரு வரிமேட்டைக் குறுக்கே வெட்டினால் முகம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மேட்டின் மேல்பகுதி உருண்டையா, தட்டையா? பக்கங்கள் செங்குத்தா, சரிவா? பள்ளம் மேட்டைவிட அகலமா, குறுகலா? விளிம்பை நேராகக் கண்ணுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அந்த முகம் அப்படியே தெரியும், வெட்ட வேண்டியதில்லை.

அப்புறம் நுண்வரிகள். வரிமேடுகளின் மேலும் பள்ளங்களுக்குள்ளும் அதே திசையில் நூல் போன்ற மெல்லிய வரிகள் ஓடும். வளர்ச்சிக் கோடுகள் அவற்றைக் கடக்கும் இடத்தில் சிறு செதில்கள் எழும்பி நிற்கும். விரலை விளிம்பிலிருந்து உச்சியை நோக்கி இழுத்தால் சொரசொரப்பு தெரியும். அலையில் உருண்ட ஓடுகளில் முதலில் தேய்வது இதுதான். கடற்கரை ஓரத்துக் கல்லோடு உருண்டு மழமழப்பான ஓட்டினைப் பார்த்து 'நுண்வரி இல்லாத வகை' என்று எழுதிவிடாதீர்கள். பள்ளங்களின் அடியிலும் காதுகளின் ஓரத்திலும் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உள்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பலர் உள்பக்கத்தைப் படமே எடுப்பதில்லை. பெரிய நஷ்டம்.

கீல் கோட்டின் நடுவில், உச்சிக்கு நேர் கீழே முக்கோணக் குழி ஒன்று இருக்கும். உயிரோடிருந்தபோது அதில் ரப்பர் போன்ற ஒரு பொருள் அடைத்திருக்கும். அப்டக்டின் என்ற புரதத்தால் ஆனது. ஓடு மூடும்போது அது நசுங்கும், தசை தளர்ந்ததும் விரிந்து ஓடுகளைத் திறக்கும். புதைபடிவத்தில் பொருள் போய்விடும், குழி நிற்கும். அதன் உயரம், அகலம் இரண்டையும் அளக்கலாம்.

அடுத்து தசைத் தழும்பு. விசிறிச் சிப்பியில் மூடும் தசை ஒன்றுதான். சாப்பாட்டுத் தட்டில் வெள்ளையாக வட்டமாக வரும் பகுதி அதுவே. அது ஒட்டியிருந்த இடம் பெரிய வட்டத் தழும்பாக, நடுவிலிருந்து பின்பக்கமாகச் சற்று ஒதுங்கி இருக்கும். காது உடைந்த ஓட்டில் முன், பின் கண்டுபிடிக்க இது கைகொடுக்கும். தழும்பைச் சுற்றிச் செல்லும் மேலுறைக் கோட்டில் (உடலைப் போர்த்திய மேலுறை ஓட்டில் ஒட்டியிருந்த தடம்) உள்வளைவு எதுவும் கிடையாது. மணலில் புதைந்து வாழும் சிப்பிகளில்தான் அந்த வளைவு வரும்.

வெளியே உள்ள வரிமேடு உள்ளே பள்ளமாகத் தெரியும், குறிப்பாக விளிம்பை ஒட்டி. எவ்வளவு தூரம் உள்ளே வரை தெரிகிறது என்பதையும் எழுதலாம்.

எவற்றை அளப்பது?

உயரம் என்பது உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை. நீளம் என்பது முன்னிருந்து பின்வரை, கீல் கோட்டுக்கு இணையாக. நாம் பேச்சில் 'அகலம்' என்று சொல்வது இங்கே நீளம். பழகும் வரை குழப்பும். புடைப்பு என்பது ஒற்றை ஓட்டினை மேசையில் கவிழ்த்தால் வரும் உயரம். இவற்றோடு கீல் கோட்டின் நீளம், முன்காது பின்காது நீளங்கள், வெட்டின் ஆழம், உச்சியில் இரு ஓரங்களும் சேரும் கோணம். வெர்னியர் அளவுகோல் இருந்தால் போதும். உடைந்த விளிம்பில் அளந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைந்தபட்சம்' என்று போடுங்கள்.

வளர்ச்சிக் கோடுகளை எண்ணி வயது சொல்லலாமா?

அவசரப்படக் கூடாது. விளிம்புக்கு இணையாக ஓடும் கோடுகளில் சில ஆழமாக, படிக்கட்டு விழுந்தது போல இருக்கும். சில ஆண்டுதோறும் குளிரிலோ வெயிலிலோ வளர்ச்சி நின்றதால் வந்தவை. வேறு சில, புயல், நண்டின் தாக்குதல், விளிம்பு உடைந்து மீண்டது போன்றவற்றால் வந்தவை. கண்ணால் பிரிப்பது கடினம். ஓட்டின் மேல் வரிசையாகச் சுரண்டியெடுத்த தூளில் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தால் கோடை, குளிர் சுழற்சி தெரியும். மேடிசோனியஸ் ஓடுகளில் இப்படிச் செய்து பிளையோசீன் கடலின் பருவ மாற்றத்தைப் படித்திருக்கிறார்கள். வீட்டில் விவரிக்கும்போது 'ஆழமான வளர்ச்சித் தடைக் கோடுகள் இத்தனை, உச்சியிலிருந்து இத்தனை மில்லிமீட்டரில்' என்று எழுதி நிறுத்துவதே மரியாதை.

எவற்றோடு குழம்பும்?

மேடிசோனியஸ்தான் முதல் எதிரி. வரிமேடுகள் கூடுதல், ஆகவே ஒவ்வொன்றும் குறுகல், மேலடுக்குகளில் வரும். செசபெக்டனின் இன்னொரு இனமான செப்டெனாரியஸ் எதிர்த்திசை: சுமார் ஏழு வரிமேடுகள், அவையும் ஒரே அளவில் இருக்காது, சில ஓங்கியும் சில அடங்கியும் இருக்கும். கிளின்டன் பெயர் பெற்ற சிப்பி இப்போது பிளாகோபெக்டன் என்ற பேரினத்தில் இருக்கிறது. தடித்த வரிமேடே இல்லை, நெருக்கமான மெல்லிய வரிகள் மட்டும். அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை, துண்டாகக் கிடைத்தாலொழிய. இன்றும் அட்லான்டிக்கில் பிடிபடும் பெரிய ஸ்கேலப் அதன் உறவு.

குட்டி ஓடுகளுக்கு இனப் பெயர் வைக்கத் துணியாதீர்கள். செசபெக்டன் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஓட்டின் மேல் கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டியிருக்கிறது, நிறையத் துளைகளும் உள்ளன. பேர்த்து எடுத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அவையும் அதே பிளையோசீன் கடலின் உயிர்கள். எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன என்பது முக்கியம். வெளிப்பக்கத்தில் மட்டும் என்றால் சிப்பி உயிரோடிருந்தபோதே குடியேறியிருக்கலாம். உள்பக்கத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை, சிப்பி செத்து ஓடு திறந்து கிடந்த பிறகு வந்தவை. அதாவது ஓடு உடனே புதையவில்லை, கடலடியில் சிறிது காலம் வெளியே கிடந்தது.

துளைகளிலும் வகை உண்டு. கூட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள், உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே அறை அறையாகக் குடைந்திருக்கிறது என்றால் துளைக்கும் கடற்பஞ்சின் வேலை. ஒற்றையாக, சுத்தமான வட்டத் துளை என்றால் சிப்பியைத் தின்ன வந்த நத்தை. உங்கள் விவரிப்பில் 'சேதம்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல் வகையையும் இடத்தையும் சொல்லுங்கள்.

இத்தனை லட்சம் ஆண்டு கழித்தும் ஓடு ஓடாகவே இருக்கிறதே, கல்லாக மாறவில்லையா?

மாற வேண்டிய அவசியம் வரவில்லை. விசிறிச் சிப்பியின் ஓடு பெரும்பகுதி கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். உள்பக்கத்தில் மட்டும் அரகோனைட் அடுக்கு உண்டு. இரண்டும் வேதியியலில் ஒரே கால்சியம் கார்பனேட்தான், படிக அமைப்பு வேறு. நிலத்தடி நீரில் அரகோனைட் எளிதாகக் கரையும், கால்சைட் தாக்குப்பிடிக்கும். யார்க்டவுன் அடுக்கில் சில இடங்களில் மற்ற சிப்பிகள் கரைந்தோ மாவாகியோ போயிருக்க, விசிறிச் சிப்பிகளும் ஆளிகளும் மட்டும் திடமாக நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே உள்பக்கத்துத் தசைத் தழும்பு மங்கலாக இருந்தால் வியக்க வேண்டாம். அந்த அடுக்கே கரைந்திருக்கலாம். பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம் இரும்புக் கறை, சிப்பியின் சொந்த நிறம் இல்லை.

இது நீந்தியதா?

விசிறிச் சிப்பிகளில் பல, ஓடுகளைப் படபடவென்று மூடித் திறந்து நீரைப் பீய்ச்சி நீந்தும். நன்றாக நீந்துபவற்றின் ஓடு மெல்லியதாக, உச்சிக் கோணம் விரிந்து, காதுகள் இரண்டும் ஒத்த அளவில் இருக்கும். வளர்ந்த ஜெஃபர்சோனியஸின் கனத்தைக் கையில் உணர்ந்தவர்கள் அது நெடுந்தூர நீச்சல்காரர் என்று நம்ப மாட்டார்கள். மணலின் மேல் கிடந்து, தேவைப்பட்டால் குதித்து நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம். விவரிப்பில் இதைச் சேர்க்காதீர்கள். ஓட்டில் தெரிவது ஒரு பத்தி, அதிலிருந்து ஊகிப்பது தனிப் பத்தி.

ஒரு மாதிரி விவரிப்பு தர முடியுமா?

எண்கள் கற்பனை, வடிவம் மட்டும் பாருங்கள்:

'வலது ஓடு, ஏறக்குறைய முழுமை. பின்காதின் நுனி உடைந்தது. உயரம் 98 மி.மீ., நீளம் 104 மி.மீ., புடைப்பு 24 மி.மீ., கீல் கோடு குறைந்தபட்சம் 47 மி.மீ. முன்காதின் கீழ் வெட்டு ஆழமற்றது, 4 மி.மீ.; வெட்டுப் பட்டை தெளிவு, உச்சிக்கு அருகில் வளைவுகள் ஆழம் கூடியவை. பல் வரிசை தெரியவில்லை. கீழ் விளிம்பில் 10 தெளிவான வரிமேடுகள், முன் ஓரத்தில் மெல்லிய ஒன்று. வரிமேடுகள் தட்டையான மேல்பகுதியும் செங்குத்தான பக்கங்களும் கொண்டவை, பள்ளங்கள் ஏறக்குறைய அதே அகலம். நுண்வரிகள் பள்ளங்களில் மட்டும் எஞ்சியுள்ளன, செதில் உண்டு. உள்ளே குழி முக்கோணம், சமச்சீர். தசைத் தழும்பு மங்கல். வெளிப்பரப்பில் கீழ்ப்பாதியில் 3 கொட்டலசுகள். பின்பக்கத்தில் கடற்பஞ்சுத் துளைகள்.'

இதில் 'அழகான', 'பெரிய', 'வித்தியாசமான' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டினைப் பார்க்காத ஒருவர் இதைப் படித்துவிட்டு, பத்து ஓடுகள் கொட்டிக் கிடக்கும் தட்டிலிருந்து சரியானதை எடுக்க வேண்டும்.

படம் எப்படி எடுப்பது?

உச்சி மேலே, வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக. இந்தத் துறையின் வழக்கம் அது. மாற்றினால் பார்ப்பவர் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தோன்றும். வெளி, உள், கீல் பக்கம், முன்காது கிட்டத்தில் என்று நான்கு படமாவது வேண்டும். நாணயம் வைக்காமல் மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள்.

வினிகர் விட்டுக் கழுவலாமா?

கூடாது. ஓடே சுண்ணாம்பு, அமிலம் பட்டால் நுண்வரிகள்தான் முதலில் கரையும். தண்ணீர், மென்மையான தூரிகை, பொறுமை போதும். உதிரும் ஓடு என்றால் நன்றாகக் காய்ந்தபின் அசிட்டோனில் மெலிதாகக் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற பிசினைப் பூசலாம்; அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது, வேண்டாமென்றால் அசிட்டோனால் திரும்பக் கரைத்துவிடலாம்.

நம்ம அரியலூரில் இது கிடைக்குமா?

கிடைக்காது. செசபெக்டன் வட அமெரிக்கக் கிழக்குக் கடலோடு நின்றுவிட்டது. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, ஆறரைக் கோடி ஆண்டுக்கும் முந்தையவை. ஆனால் அங்கே நெய்தியா என்ற, விசிறிச் சிப்பிகளின் தூரத்து உறவு கிடைக்கிறது. 1870–71இல் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை விரிவாக விவரித்தார். நெய்தியாவில் சில வரிமேடுகள் மட்டும் ஓங்கி, இடையில் சிறியவை வரும். 'எத்தனை வரி' என்ற கேள்வி அங்கே இன்னும் சிக்கல்: பெரியவற்றைத் தனியாக, இடைப்பட்டவற்றைத் தனியாக எண்ண வேண்டும். திசை பிடிப்பது, காது பார்ப்பது எல்லாம் மேலே சொன்ன அதே முறை.

கரையில் கண்டதை எடுத்து வரலாமா?

இடத்தைப் பொறுத்தது. யார்க்டவுன் போர்க்களப் பகுதி தேசியப் பூங்காவின் பொறுப்பில் உள்ளது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் புதைபடிவம் எடுப்பது சட்டப்படி குற்றம், உதிர்ந்து கிடந்தாலும் சரி. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் சிப்போக்ஸ் போன்ற மாநிலப் பூங்காக்களுக்குத் தனி விதிகள்; நுழைவாயிலில் கேட்டுவிடுங்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளர் அனுமதி. சரிவைத் தோண்டக் கூடாது. மணல் மேடு தலையில் சரியும்.

அனுமதியோடு எடுத்தால், அன்றே ஒரு சீட்டு எழுதி ஓட்டோடு போடுங்கள்: ஆறு, கரையின் எந்தப் பகுதி, நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், அடுக்கிலேயே பதிந்திருந்ததா உதிர்ந்து கிடந்ததா, தேதி. ஓட்டின் உள்பக்கத்தில் ஒரு ஓரமாக மைபேனாவால் எண் எழுதி, அதே எண்ணைச் சீட்டிலும் எழுதுங்கள்.